வினாகிரி மணக்கும் கார்ட்டூன் செல்: மலைநாட்டு வீட்டில் எப்படி வைப்பது?

கேள்வி: தலவாக்கலையில் வங்கி ஒன்றில் வேலை செய்கிறேன், வயது 41. சிறுவயதில் ரூபவாஹினியில் பார்த்த கார்ட்டூன் பைத்தியம் இன்னும் விடவில்லை. பழைய கார்ட்டூன் படங்களுக்காகக் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் கையால் தீட்டிய செல் ஓவியங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஜப்பானியத் தொடர் ஒன்றின் இரண்டு செல்கள் இப்போது கையில் உண்டு. ஒன்றின் பின்புறம் பென்சில் வரைபடத் தாள் ஒட்டிக்கொண்டு கழலமாட்டேன் என்கிறது. மற்றதில் லேசாக வினாகிரி வாடை. இதற்கிடையில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், ஸ்னோ ஒயிட் செல், கையால் தீட்டிய ஒரிஜினல் என்று ஒன்றைக் காட்டுகிறார். என் மூன்று மாதச் சம்பளம் போகும். ஓரத்தில் 212/500 என்று எண் இருக்கிறது, சான்றிதழும் தருவாராம். வாங்கலாமா ஐயா? வாங்கினால் இங்கே வைப்பதா, பண்டாரவளையில் அம்மா வீட்டில் வைப்பதா? அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டால் போதும் என்கிறார் மனைவி.

பதில்:

தம்பி, முதலில் அந்த 212/500 விஷயத்தைப் பார்த்துவிடுவோம். பணம் போகிற இடம் அதுதானே.

படம் பிடிக்கத் தீட்டிய செல் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். பாத்திரம் விரலை ஒரு நூல் உயர்த்தினாலும் அதற்கு வேறு செல் வேண்டும். ஸ்னோ ஒயிட், டிஸ்னி 1937இல் வெளியிட்ட 83 நிமிடப் படம். வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம், என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 1,20,000 பிரேம் வருகிறது. ஒரே வரைபடத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திய இடங்களைக் கழித்தாலும் மிஞ்சுவது மலை போன்ற குவியல். அந்தக் குவியலில் எந்தச் செல்லுக்கும் ஐந்நூறில் இத்தனையாவது என்று எண் விழ வழியே இல்லை. அப்படி எண் போட்டது பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்கென்றே செய்த லிமிடெட் எடிஷன். அதையும் கையால்தான் தீட்டியிருப்பார்கள், சான்றிதழும் உண்மையானதாகவே இருக்கும். விற்பவர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். நீங்கள் கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். இனி யாரிடம் வாங்கினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்தச் செல் கமெராவுக்குக் கீழே போனதா, அதாவது படம் பிடிக்கப் பயன்பட்டதா?

போகவில்லை என்றால் அது அலங்காரப் பொருள். பிடித்திருந்தால் அதற்குரிய விலையில் வாங்கி மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு மூன்று மாதச் சம்பளம் கொடுக்காதீர்கள். செரிசெல் என்று இன்னொன்றும் சந்தையில் உண்டு. அது திரை அச்சில் அடித்தது, தூரிகையே படாதது. அதன் விலை இன்னும் கீழே இருக்க வேண்டும்.

உண்மையான 1937ஆம் ஆண்டுச் செல் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு வேறொருவர் வருவார். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்கள் செல்லைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தின, மிச்சத்தைக் குப்பையில் போட்டன. ஸ்னோ ஒயிட் செல்கள் தப்பியதற்குப் பெரிய காரணம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த கூர்வாசியே கலரி. 1938 முதல் 1940களின் நடுப்பகுதி வரை டிஸ்னி செல்களை விற்றவர்கள் அவர்கள்தான். பாத்திரத்தின் உருவத்தை ஒட்டி வெட்டி, மெல்லிய மரத்தாளிலோ தூவல் வண்ணம் அடித்த பின்னணியிலோ பதித்து, சட்டத்தின் பின்னால் லேபிள் ஒட்டி விற்றார்கள். அதனால் அந்தக் காலச் செல்லில் அதை நகராமல் பொருத்த ஓரத்தில் இடும் துளைகள் இல்லையே, ஓரம் வெட்டியிருக்கிறதே என்று போலி முத்திரை குத்திவிட முடியாது. 1955இல் திறந்த டிஸ்னிலாந்துக் கடையில் விற்றவற்றையும் ஓரம் வெட்டித்தான் கொடுத்தார்கள், பின்னால் பொன்னிற லேபிள் இருக்கும்.

கையில் கிடைத்தால் பார்க்கும் முறை இது. யன்னலோரம் நின்று செல்லைச் சாய்த்துப் பிடியுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம் என்று இரண்டு முகத்தில் இருக்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்த்தால் வண்ணம் தடிப்புத் தடிப்பாகக் குளம் கட்டியிருக்கும். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். முன்பக்கம் அதெல்லாம் மறைந்து வழவழவென்று சமமாகத் தெரியும். திரை அச்சில் இந்த ஏற்ற இறக்கம் வராது, இரண்டு பக்கமும் தட்டையாகவே இருக்கும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியைக் கோட்டின் மேல் வையுங்கள். பேனாவால் இழுத்த கோடு தொடங்கும்போது மெலிந்து, வளைவில் தடித்து, முடியும்போது மறுபடி மெலியும். ஸ்னோ ஒயிட் காலத்தில் கன்னத்துக்கு ஒரு நிறம், பாவாடைக்கு ஒரு நிறம் என்று வண்ண மையால் கோடு இழுத்தார்கள். ஸ்டூடியோவின் மை, வண்ணப் பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெயர் திரையில் வரவில்லை. எனக்கு அந்தப் படத்தில் பார்க்கப் பிடித்ததே அந்தக் கோடுகள்தான்.

கோடு கறுப்பாக, பூதக்கண்ணாடியில் பொடிப்பொடியாக உடைந்து தெரிந்தால் அது பென்சில் வரைபடத்தை நேரே செல்லில் நகலெடுத்தது. டிஸ்னியில் இந்த முறை ஒரு முழு நீளப் படம் பூராவுக்கும் வந்தது 1961இல், 101 டால்மேஷியன்ஸ் படத்தில். ஆகவே அந்தக் கோட்டோடு 1937 என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். மறுமுனையில், டிஸ்னி முழு நீளப் படங்களில் கையால் தீட்டிய செல் 1989இல் வந்த லிட்டில் மெர்மெய்ட் படத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டே வண்ணம் தீட்டும் வேலை கணினிக்குப் போய்விட்டது. அதற்குப் பிந்திய டிஸ்னிப் படத்தின் பெயரில் செல் என்று விற்றால், அது பெரும்பாலும் கடைக்காகச் செய்ததாகவே இருக்கும்.

இன்னொரு சோதனை வீட்டிலிருந்தே செய்யலாம். படத்தை ஓடவிட்டு, செல்லில் இருக்கும் அதே நிலை வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கண் இமை, விரல் மடிப்பு, துணிச் சுருக்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஜப்பானியச் செல்லாக இருந்தால் மேல் மூலையில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த வரிசைக் குறி இருக்கும், ஓரத்தில் மூன்று துளைகள் இருக்கும். உங்களிடம் உள்ள இரண்டிலும் இப்போதே பார்த்துக் குறித்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு ஆலோசனை. ஸ்னோ ஒயிட்டை விடுங்கள். ரூபவாஹினி பார்த்து வளர்ந்ததாகச் சொல்கிறீர்கள். டைட்டஸ் தொடவத்த சிங்களத்தில் பேசவைத்த தொஸ்தர ஹொந்த ஹித கார்ட்டூன் நினைவிருக்கும். நம் லயத்துப் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் வந்ததே அந்த வைத்தியரிடம்தான் என்பேன். அதன் மூலம் டெபாட்டி ஃப்ரெலெங் நிறுவனம் 1970இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் செய்த டாக்டர் டூலிட்டில் தொடர். அந்த மாதிரித் தொலைக்காட்சிச் செல்களுக்கு ஏல வீடுகளில் அடிபிடி கிடையாது. உங்கள் பணத்துக்குக் கமெராவுக்குக் கீழே போன செல்லே கிடைக்கும். போதாததற்கு, 1937 காலத்துச் செல்கள் பெரும்பாலும் செலுலோஸ் நைத்திரேற்றால் ஆனவை. அது சுலபமாகத் தீப்பிடிக்கும் பொருள், விமானத் தபாலில் சும்மா போட்டு அனுப்புகிற சாமான் இல்லை. பழசாகும்போது வெளிவிடும் வாயு பக்கத்தில் இருக்கும் மற்றச் செல்களையும் கெடுக்கும். விறகடுப்பு எரிகிற வீட்டுக்கு அது ஏற்ற விருந்தாளி அல்ல.

சரி, வினாகிரி வாடைக்கு வருவோம். இதுதான் அவசரம்.

உங்கள் செல்கள் செலுலோஸ் அசெற்றேற். காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கை மெல்ல உடைக்கிறது, உடையும்போது அசெற்றிக் அமிலம் வெளிவருகிறது. மூக்கில் ஏறுவது அதுதான். வந்த அமிலம் அங்கேயே தங்கினால் உடைவதை இன்னும் வேகப்படுத்தும். அப்புறம் செல் சுருங்கும், ஓரம் அலையலையாக நெளியும், மேலே இருக்கும் வண்ணம் சுருங்கத் தெரியாமல் வெடித்துக் கழலும். தொடங்கியதைத் திருப்ப முடியாது, தாமதப்படுத்தலாம். ஆகவே வாடை அடிக்கும் செல்லை இன்றைக்கே மற்றதிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடாதீர்கள், அமிலம் வெளியேற வழி வேண்டும். அமிலம் இல்லாத கடதாசியால் செய்த மடிப்புறை போதும். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய, அமெரிக்காவின் ரொசெஸ்டரில் உள்ள பட நிலைப்பு நிறுவனம் செய்யும் சோதனைத் தாள் துண்டுகள் இருக்கின்றன. செல்லோடு சேர்த்து ஒரு நாள் மூடிவைத்தால் நீலம் பச்சையாகும், முற்றியிருந்தால் மஞ்சளாகும். சோதனை முடிந்ததும் செல்லை மறுபடி காற்றோட்டத்தில் வையுங்கள்.

வேகத்தை முடிவு செய்வது இரண்டு: சூடு, ஈரம். அதே நிறுவனத்தின் கணக்குப்படி 21 பாகை செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புதிய அசெற்றேற் பிலிம் வினாகிரி வாடையை எட்டச் சுமார் 40 ஆண்டு பிடிக்கும். சூடு குறைந்தால் அந்தக் காலம் நீளும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில், கொழும்பில் அது 27க்கு மேல். தலவாக்கலை நுவரெலியா அளவுக்குக் குளிர் இல்லை, ஆனாலும் கொழும்போடு பேச்சே இல்லை. செல் சேர்க்கிறவருக்கு இந்த நாட்டில் மலையகத்தை விட நல்ல இடம் கிடையாது, ஈரத்தை மட்டும் அடக்கிவிட்டால். அந்த 'மட்டும்' பெரிய வேலை, உண்மைதான்.

ஏனென்றால் ஈரம் பிளாஸ்டிக்கோடு நிற்பதில்லை. பழைய டிஸ்னி வண்ணங்களில் அராபிக் கோந்தும் ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிளிசரினும் இருந்தன. பிந்திய காலத்தில் வைனல், அக்ரிலிக் வண்ணங்கள் வந்தன. எதுவானாலும் ஈரம் கூடினால் வண்ணம் இளகிப் பிசுபிசுக்கும், குறைந்தால் இறுகி வெடிக்கும். உங்கள் முதல் செல்லில் தாள் ஒட்டிக்கொண்டது இளகிய வண்ணத்தால்தான். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கோந்தும் கடதாசியும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. நாம் பிடிக்க வேண்டிய எல்லை 40 முதல் 50 சதவீதம், அதுவும் ஏறி இறங்காமல்.

இந்தக் கணக்கில் தலவாக்கலையும் பண்டாரவளையும் இரண்டு தேசம். தலவாக்கலையில் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் செப்டெம்பர் வரை சுவர் வியர்க்கும், சப்பாத்து பச்சை பிடிக்கும். அதே மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனையைக் கொடுப்பது இந்தக் காற்றுத்தான். கொழுந்துக்கு நல்லது, பெயின்டுக்கு ஆகாது. அங்கே மழை பெரிதாகப் பிடிப்பது ஆண்டுக் கடைசியில், வடகீழ்ப் பருவத்தில். ஆக அம்மா வீட்டில் ஒரே வருடத்துக்குள் வறட்சியும் ஈரமும் மாறி மாறி வரும், தலவாக்கலையில் ஈரம் மட்டும் நீளமாக வரும். எனக்குக் கேட்டால் தலவாக்கலையே நல்லது என்பேன். நீளமான ஈரத்தைப் பெட்டிக்குள் அடக்குவது சுலபம். அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். யாரும் திறந்து பார்க்காத அலுமாரியில் வைத்த செல்லுக்கு என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. சந்தேகமாக இருந்தால் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி இரண்டு வாங்கி, இரண்டு வீட்டிலும் ஒரு மாதம் வைத்து எண்களைப் பாருங்கள்.

பெட்டி என்றது இது. செல்லை மடிக்காமல் கிடத்தக்கூடிய, இறுக்கமான மூடி உள்ள பொலிப்புரொப்பிலீன் டப்பா ஒன்று. அடியில் அமிலம் இல்லாத அட்டை. அதன் மேல் வாடை இல்லாத செல், வண்ணப் பக்கம் மேலே பார்த்தபடி. வண்ணத்தின் மேல் சாதாரணத் தாள் படக்கூடாது. சிலிக்கோன் பூசிய ஒட்டாத தாள் வேண்டும். உடனே கிடைக்காவிட்டால் கேக் செய்கிறவர்கள் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள் தற்காலிகமாகப் போதும், மெழுகு பூசியது வேண்டாம். மேலே கனம் எதுவும் ஏற்றாதீர்கள், ஒரு டப்பாவில் ஒரு அடுக்குத்தான். மூலையில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஈரப்பதமானி. எண் 40ஐ நெருங்கினால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். நிறைய ஜெல் போட்டு எலும்பாகக் காயவைக்கிறவர்களின் செல்லில்தான் வண்ணம் பொருக்காக உதிர்கிறது. வாரம் ஒருமுறை மழை இல்லாத மத்தியானத்தில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மூக்குத்தான் இதில் முதல் கருவி. புகைப்பட ஆல்பம் மாதிரிப் பளபளக்கும் பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், வண்ணம் அதில் ஒட்டிவிடும்.

வாடை அடிக்கும் செல் இந்த டப்பாவுக்குள் போகக்கூடாது. மடிப்புறையோடு வீட்டில் காய்ந்த, குளிர்ந்த அறை எதுவோ அங்கே, தட்டில் தனியாக இருக்கட்டும்.

மழைக்காலத்தில் துணி அலுமாரிக்குள் பல்ப் எரியவிடுவது நம் பக்கத்து வழக்கம். துணிக்குச் சரி. செல் இருக்கும் அலுமாரியில் செய்யாதீர்கள், பல்புக்குப் பக்கத்தில் உள்ள மூலை மட்டும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். பிரிட்ஜும் வேண்டாம். வெளியே எடுக்கும்போது பனித்துளி கட்டும், இளகிய வண்ணத்துக்கு அது ஒன்றே போதும். உங்கள் மனைவி சொன்ன பூச்சி உருண்டையும் ஆகாது. நப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். கற்பூரமோ, செலுலொயிட்டை மென்மையாக்கத் தொழிற்சாலையிலேயே கலந்த சரக்கு. பூச்சிக்கு மருந்து, டப்பாவின் இறுக்கமான மூடியும் சுத்தமான தட்டும்தான். அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள், சேலைகளுக்கு அந்த உருண்டை நல்லதுதான்.

ஒட்டிய பென்சில் தாளை இழுக்காதீர்கள். நகத்தால் கிளப்புவது, ஹேர் டிரையர் காட்டுவது, ஆவி பிடிப்பது எதுவும் வேண்டாம். தாள் வரும்போது வண்ணமும் சேர்ந்து வரும், அப்புறம் முகத்தில் ஓட்டை. அந்தத் தாள் அதே செல்லுக்காக வரைந்தது, இரண்டும் சேர்ந்தே ஒரு பொருள். ஒட்டியபடியே இருந்தால் விலை கொஞ்சம் குறையலாம், பொருள் பிழைக்கும். கழன்ற வண்ணத்தைத் திரும்பப் படியவைக்க வழி உண்டா என்று அமெரிக்காவின் கெட்டி (Getty) கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் டிஸ்னியின் அனிமேஷன் ஆய்வு நூலகத்தோடு சேர்ந்து ஆராய்ந்திருக்கிறது. ஈரப்பதத்தை அளவோடு ஏற்றி வண்ணத்தை இளக்கிப் படியவைக்கலாம் என்று கண்டார்கள். அது கருவிகளோடு, ஆய்வுக்கூடத்தில் பொறுமையாகச் செய்வது. சமையலறைக் கேத்தலில் பார்க்கிற வேலை இல்லை.

சுவரில் மாட்டும் ஆசை இருக்கும். மாட்டலாம், வருடம் முழுக்க மட்டும் வேண்டாம். கண்ணாடி செல்லைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் போர்டால் இடைவெளி விடச் சொல்லுங்கள். பசை, செலோ டேப் எதுவும் செல்லில் படக்கூடாது. மழை அடிக்கும் வெளிச்சுவரும் கணப்பு உள்ள சுவரும் ஆகாது, வீட்டின் உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். மலையில் வெயில் சுடாததால் ஏமாந்துவிடுகிறோம். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவில் கூடும். ஜப்பானியச் செல்களில் கார்பன் கொண்டு பதித்த கோடுகள் நாளாக ஆக வெளிறுகிற ரகம், வெளிச்சம் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும்.

அடுத்த செல்லை வாங்குமுன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்பக்கம் முழுதாக, கோடு ஒன்று மிக அருகில், ஓரத்து எண்ணும் துளைகளும். வாடை உண்டா என்றும் நேராகக் கேளுங்கள். பின்பக்கப் படம் தர மறுக்கிறவரோடு பேரம் பேச வேண்டாம். சுங்கத்தில் வரி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள், பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வழியில் தொலைந்தால் எழுதிய பெறுமதிக்குத்தான் நட்டஈடு. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில், வண்ணப் பக்கத்தில் ஒட்டாத தாள் வைத்து, தட்டையாகக் கட்டச் சொல்லுங்கள். சுருட்டினால் வண்ணம் வெடிக்கும். கூடுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை வந்து சேரும்படி பாருங்கள், தலவாக்கலையில் காய்ந்த மாதங்கள் அவை. கொழும்பு வெக்கையிலிருந்து ஏறி வந்த பொதியை வாங்கிய கையோடு பிரிக்காமல், ஒரு இரவு அறையில் அப்படியே கிடக்கவிட்டு மறுநாள் திறவுங்கள்.